அரை தானியங்கி ஷாட்கன் தேர்ந்தெடுப்பது எப்படி? வேட்டைக்கும் தட்டுச் சுடுதலுக்கும் ஒரே துப்பாக்கி

முதன்முறையாக ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த நிறுவனம் நல்லது? பெரெட்டா, பெனெல்லி, பிரௌனிங், வின்செஸ்டர், மோஸ்பர்க் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஆண்டு முழுவதும் நீங்கள் எந்தத் தோட்டாவை அதிகமாகச் சுடப்போகிறீர்கள்? இதற்கு விடை தெரிந்தால் தோட்டா அமரும் அறையின் நீளம், இயங்கும் முறை, எடை மூன்றும் பெருமளவு தாமாகவே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் சட்டம். அரை தானியங்கி (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) என்பதாலேயே பல நாடுகளில் உரிம விதிகள் கடுமையாக இருக்கும். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது, துப்பாக்கியில் பொதுவாக மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது. இதற்காகவே மேகசின் குழாய்க்குள் செருகும் அடைப்புக்கட்டை ஒன்றைத் துப்பாக்கியோடு தருகிறார்கள். பெட்டியில் உதிரியாகக் கிடக்கிறதே என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

முதல் படி: தோட்டாக் கணக்கைப் போடுங்கள்

பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் ஆட்டங்கள் இரண்டிலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். நான்கு சுற்று சுட்டால் 100 தோட்டா. வேட்டைக்குப் போகும் நாளில் பத்துத் தோட்டா செலவானாலே அதிகம். ஆகவே தன்னை வேட்டைக்காரர் என்று நினைத்துக்கொள்பவரின் துப்பாக்கியும் பெரும்பாலும் தட்டுகளைத்தான் சுட்டுக்கொண்டிருக்கும். தட்டுத் தோட்டாவில் இருக்கும் ரவை 24 முதல் 28 கிராம். வாத்து வேட்டைக்கான எஃகு ரவைத் தோட்டாவில் 32 கிராமும் அதற்கு மேலும் இருக்கும். இந்த இரண்டு எல்லைகளையும் தடுமாறாமல் சுடும் துப்பாக்கியைத்தான் நாம் தேடுகிறோம்.

போர் (bore) அளவை, அதாவது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்ணைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 12 போரின் குழல் விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20 போருடையது சுமார் 15.6 மி.மீ. ஒரே துப்பாக்கி இரு வேலைக்கும் என்றால் 12 போர்தான். தோட்டா வகைகள் அதற்குத்தான் அதிகம். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் நாள் முழுக்க நடந்தே வேட்டையாடுபவர்களும் 20 போரைத் தாராளமாக எடுக்கலாம். வீட்டில் இரண்டும் இருந்தால் மட்டும் கவனம் தேவை. 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் துப்பாக்கிக்குள் போனால், அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு வகையையும் ஒரே பையில் போடவே கூடாது.

இரண்டாம் படி: அறையின் நீளம்

12 போரில் மூன்று அளவுகள் உண்டு: 2¾ அங்குலம் (70 மி.மீ.), 3 அங்குலம் (76 மி.மீ.), 3½ அங்குலம் (89 மி.மீ.). இவை சுட்டு முடித்து வாய் விரிந்த தோட்டாவின் நீளங்கள். சுடாத தோட்டா மடிந்த வாயோடு குட்டையாக இருப்பதால், 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. அறைக்குள்ளும் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். ஆகவே உள்ளே போகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. குழலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள்.

3½ அங்குல அறை உள்ள அரை தானியங்கியை 1991இல் பெனெல்லி கொண்டுவந்தது. வாத்து வேட்டைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் புதியவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய தோட்டாவின் உதை கடுமை. அதற்காகச் செய்த துப்பாக்கிகளில் சில, 24 கிராம் தட்டுத் தோட்டாவைப் போட்டால் சோம்பல் காட்டும். 3 அங்குல அறை போதும், தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: வாயு முறையா, நிலைம முறையா?

கையில் உள்ள நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1902 முதல் பெல்ஜியத்தில் தயாரான ஆட்டோ-5 துப்பாக்கியில், சுட்டதும் குழலே பின்னோக்கி நகர்ந்து அடுத்த தோட்டாவுக்கு வழிவிட்டது. இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு வகைகள்.

வாயு முறையில் குழலில் சிறு துளைகள் இருக்கும். வெடிமருந்து எரிந்து வரும் வாயுவில் ஒரு பங்கு அவற்றின் வழியே வெளியேறி ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன், அறையின் பின்புறத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் தள்ளும். உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளில் குத்தாமல் அழுத்துவதுபோல் வரும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 பெயர் பெற்றதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம். குறை என்னவென்றால் கரி. பிஸ்டனிலும் மேகசின் குழாயின் வெளிப்புறத்திலும் அது படியும். துடைக்காமல் விட்டால் ஒரு நாள் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும்.

நிலைம முறையில் பிஸ்டனும் இல்லை, துளையும் இல்லை. பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றிருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்ப்பதுபோல், துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கனமான போல்ட் நகராமல் நிற்கப் பார்க்கிறது. போல்ட்டுக்கும் அதன் சுழலும் தலைக்கும் இடையே இருக்கும் குட்டையான ஸ்பிரிங் இதனால் நசுங்குகிறது. அது மீண்டும் விரியும்போது தலை பூட்டிலிருந்து விடுபட்டு, காலித் தோட்டா வெளியே பறக்கிறது. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, உள்ளே கரியும் குறைவு. சேற்றிலும் மழையிலும் சுமந்து திரிய இதுவே தோது. ஆனால் உதை மொத்தமாகத் தோளுக்கு வரும். துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால், மிக மெல்லிய தோட்டாவில் சில சமயம் அடுத்ததை ஏற்றாது.

இதில் இன்னொரு குணத்தைப் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் வரக்கூடாதென்று போல்ட்டைக் கையால் மெதுவாக முன்னால் விட்டால், தலை முழுதாகச் சுழன்று பூட்டாமல் நின்றுவிடலாம். பறவை எழும், விசையை இழுப்பீர்கள், ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். போல்ட்டை முழுவதும் பின்னால் இழுத்து, பொத்தானை அழுத்தி, அதன் வேகத்திலேயே மூட விடுங்கள்.

என் தீர்ப்பு: சுடுவதில் பாதிக்கு மேல் தட்டுகள் என்றால் வாயு முறை. மலையேறி, சதுப்பில் இறங்கி வேட்டையாடுவதே பிரதானம் என்றால் நிலைம முறை. எடையும் இதையொட்டியே போகும். 3 கிலோவை ஒட்டிய துப்பாக்கி சுமக்கச் சுகம், நூறு தோட்டா சுட்டால் தோள் நோகும். தட்டுகளுக்கு 3.5 கிலோ நல்லது.

நான்காம் படி: உடலுக்குப் பொருந்துகிறதா?

ஷாட்கன்னில் உங்கள் கண்தான் பின்குறி, அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்க உறுப்பு. கன்னம், தோளில் பதியும் பின்கட்டையில் எங்கே அமர்கிறதோ அதற்கேற்பத்தான் ரவை போகும். எனவே மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் இது சரியில்லை என்றால் வாங்காதீர்கள்.

துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்களும் கடைக்காரரும் தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத, அவர் காட்டும் பாதுகாப்பான திசையில் நில்லுங்கள். இரு கண்களையும் மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் முனையில் இருக்கும் சிறுமணி நடுவில் தெரிந்து, குழலின் மேல்பட்டை கொஞ்சமே தெரிந்தால் நல்லது. மணி மறைந்து துப்பாக்கியின் பின்பகுதி மட்டும் தெரிந்தால் பின்கட்டை தாழ்வு; பட்டை நீளமாக விரிந்து தெரிந்தால் உயரம். பல அரை தானியங்கிகள் பெட்டியிலேயே மெல்லிய தகடுகளோடு வருகின்றன. பின்கட்டைக்கும் உடலுக்கும் இடையே அவற்றை மாற்றிப் போட்டு உயரத்தையும் பக்கச் சாய்வையும் திருத்தலாம். குளிர்கால வேட்டைக்குப் போகிறவர் அந்தத் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டும் ஒரு முறை தோளில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

சுடுதளத்தில் இன்னொரு சோதனை. 16 கஜத் தூரத்தில் பெரிய காகிதம் கட்டி, நடுப்புள்ளியைப் பார்த்து, நிதானித்துக் குறிவைக்காமல் தோளுக்கு வந்தவுடனே பலமுறை சுடுங்கள். ரவையின் நடு ஓர் அங்குலம் விலகினால், பின்கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு.

இடது தோளில் சுடுபவர்களுக்கு இடக்கை மாடல்கள் உள்ளன. சாதாரண மாடலில் காலித் தோட்டா அவர்களின் முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும்.

ஐந்தாம் படி: குழலும் சோக்கும்

28 அங்குலக் குழல். இரு வேலைக்கும் இதுவே போதும்.

குழல் முனையைச் சற்றுக் குறுக்கி ரவையின் பரவலைக் கட்டுப்படுத்தும் சோக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எவ்வளவு ரவை விழுகிறது என்பதே பழைய அளவுகோல்: ஃபுல் சோக்கில் சுமார் 70 சதவீதம், மாடிஃபைடில் 60, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50. ஸ்கீட் தட்டுக்கு அகலமாகப் பரவ வேண்டும். தூரம் ஓடிவிடும் ட்ராப் தட்டுக்கு நெருக்கம் வேண்டும். எஃகு ரவை ஈயத்தைவிட நெருக்கமாகவே பறக்கும். அதற்கு ஃபுல் சோக்கைத் தவிர்த்து, எஃகுக்கு ஏற்றது என்று குறித்திருக்கும் சோக்கையே மாட்டுங்கள்.

ஆறாம் படி: வாங்கிய பிறகு

ட்ராப் வரிசையில் நிற்கும்போது உங்கள் காலித் தோட்டாக்கள் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். அதைத் தடுக்கும் சிறிய பிடிப்பான் ஒன்றை வாங்கிவிடுங்கள். சுடாத நேரமெல்லாம் போல்ட் திறந்தே இருக்க வேண்டும். அறையில் ஒரு வண்ணக் கொடியைச் செருகினால் தூரத்தில் நிற்பவருக்கும் அது தெரியும். புதுத் துப்பாக்கியில் முதல் சில பெட்டிகளுக்குச் சற்றுக் கனமான தோட்டாக்களையே போடுங்கள். உறுப்புகள் பழகிய பிறகு 24 கிராமுக்கு இறங்கலாம்.