மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு, ஒரு வான் சாரதி சொல்வது

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தென்கரையில் இருக்கிற மிரிஸ்ஸவுக்கு ஹயர் கேட்டு யார் போன் எடுத்தாலும், எத்தனை பேர் என்று கேட்க முன்னம் எந்த மாதம் என்றுதான் கேட்பேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் மிரிஸ்ஸ. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிற சொந்தங்களுக்கு அது சரிவராது; தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளித்துக்கொண்டு கிடக்கும். அவர்களைத் திருகோணமலைக்குத் திருப்பிவிடுவேன். (எனக்கும் ஓட்டம் கூட, ஒத்துக்கொள்கிறேன்.) டொல்பின்தான் வேண்டும், கூட்டம் கூட்டமாக வேண்டும் என்றால் மிரிஸ்ஸ சீசனிலேயே கற்பிட்டி.

போட்டை வீட்டிலிருந்தே விசாரித்துப் பிடியுங்கள். துறைமுக வாசலில் நின்று பேரம் பேசினால் விலையை மட்டும்தான் பார்ப்பீர்கள். போனில் கேட்க வேண்டியது, “எவ்வளவு கிட்டப் போவீர்கள்?” கையை நீட்டித் தொடலாம் என்று சிரிக்கிறவரை அத்தோடு விட்டுவிடுங்கள். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போட் நெருங்கக் கூடாது என்று 2012 இல் வந்த ஒழுங்குவிதி இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் திமிங்கிலத்தோடு நீந்த இறங்குவதும் குற்றம். “கட்டாயம் காட்டுவோம்” என்று சத்தியம் பண்ணுகிற கம்பனியும் வேண்டாம்; சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர்கள் திமிங்கிலத்தைத் துரத்தித்தான் ஆக வேண்டும். காணாவிட்டால் இன்னொரு நாள் காசில்லாமல் கூட்டிப்போவோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

போட்டுகள் காலை ஆறரை மணியளவில் வெளிக்கிடும். விடிய மூன்று மணிக்கு வெள்ளவத்தையை விட்டு, கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி, கொக்மாதுவையில் இறங்கினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சத்தி வராமல் இருக்கப் போடுகிற குளிசையை போட்டில் ஏறிய பிறகு விழுங்கிப் பயனில்லை. வெலிகமவைத் தாண்ட முன்னமே போட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு கொத்து ரொட்டி வேண்டாம் என்றும் சொல்வேன். ஒருவரும் கேட்பதில்லை.

சிங்களம் கதைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் போட்டில் ஏற்றிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. அப்படிப் போய்ப் பார்த்ததில் எனக்கு விளங்கியது ஒன்று: ஓட்டியைத் திமிங்கிலத்தின் பின்னால் துரத்த வைப்பது பெரும்பாலும் போட்டில் பின்னால் இருக்கிற நாங்கள்தான். “இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட” என்று கத்துவதும் நாங்கள், கிட்டப் போனவனுக்குச் சந்தோசம் என்று மேலதிகமாகக் காசு கொடுப்பதும் நாங்கள். ஆகவே கயிறு அவிழ்க்க முன்னமே ஓட்டியிடம் சொல்லிவிடுங்கள்: “லங் வென்ன எபா, அய்யே, துர இந்தலா பலமு.” கிட்டப் போக வேண்டாம், தூர இருந்து பார்ப்போம் என்பதுதான். அநேகமான ஓட்டிகளுக்கு இதைக் கேட்க ஆறுதல், டீசலும் மிச்சம்.

நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் முதலில் தெரிவது மூச்சு. ஒன்பது மீற்றர் உயரத்துக்கு நீராவித் தூண் நேரே எழும்பும். சில தடவை மூச்செடுத்துவிட்டு முதுகை வளைக்கும். வாலின் தடித்த அடிப்பகுதி மேலே கிளம்பினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். சில வேளை வாலும் முழுதாகத் தெரியும். அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஒரு வட்டம் அலையில்லாமல் கிடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்த மூச்சு. தொழில் தெரிந்த ஓட்டி அப்போது எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருப்பார். போகும்போதும் பக்கவாட்டில், அதன் வேகத்துக்கு ஈடாகப் போவார். முன்னால் குறுக்கே வெட்ட மாட்டார், பின்னால் விரட்டவும் மாட்டார். நாலு போட் சுற்றி வளைத்தால் அது மூச்சை முழுதாக எடுக்காமலே தாழ்ந்துவிடும், பிறகு ஒருவருக்கும் இல்லை. ஏற்கெனவே போட்டுகள் நிற்கிற இடத்தில் உங்கள் போட் இன்னொன்றாகச் சேர வேண்டாம் என்று சொல்லலாம், கொஞ்சம் தள்ளி நிற்கலாம். தாயும் குட்டியும் என்றால் இன்னும் தள்ளி.

தண்ணீரில் செங்கல் நிறத்தில் படலம் மிதந்தால் படம் எடுங்கள். அது திமிங்கிலத்தின் கழிவு. சின்ன இறால் இனங்களைத் தின்பதால் அந்த நிறம். இந்தத் திமிங்கிலங்கள் குளிர்க் கடலுக்குப் போகாமல் வட இந்து சமுத்திரத்திலேயே இரை தேடுகிறவை. அதனால்தான் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு வெளியே, அவை இரை தேடுகிற இடத்தினூடே போகிற கப்பல் பாதை அவற்றுக்குப் பெரிய ஆபத்து, மோதிச் சாகின்றன. எம்எஸ்சி என்ற பெரிய கொள்கலன் கப்பல் கம்பனி 2022 இலிருந்து தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கி ஓட்டுகிறது. அடிவானத்தில் கொள்கலன் கப்பல் வரிசையைக் காணும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

டொல்பினுக்கு வேறு கணக்கு. அது தானாக வந்து போட் முனையில் விளையாடும். ஓட்டி வேகத்தையும் திசையையும் மாற்றாமல் இருந்தால் போதும்; கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகக் கூடாது. விசிலும் கைதட்டலும் வேண்டாம், பிஸ்கட் எறிவது வேண்டவே வேண்டாம்.

திரும்பி வந்ததும், தூர நின்று காட்டிய ஓட்டிக்குச் சந்தோசம் கொடுங்கள். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதை, பக்கத்துப் போட்காரனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.