இலை கொட்டிய பிளுமேரியாவைத் தூங்க விடுங்கள்: தொட்டியில் வளர்க்கவும் குளிர்காலத்தைக் கடக்கவும் செய்முறை

நான் முதன்முதலில் வளர்த்த பிளுமேரியா முதல் குளிர்காலத்திலேயே அழுகிப் போனது. இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியாக நின்றதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தாகமாக இருக்குமோ என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதம் கழித்துத் தண்டைத் தொட்டால், அடிப்பகுதி கனிந்த பழம்போல விரலுக்குள் அமுங்கியது. கத்தியால் கீறிப் பார்த்தபோது பால் வரவில்லை, பழுப்பு நிறத் தண்ணீர்தான் கசிந்தது. இந்தச் செடி வளர்க்க வருகிற பலரும் செய்கிற தவறு இது. அதனால்தான் குளிர்காலப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பிளுமேரியாவை ஈழத்தலரி என்றும் நாவில்லா அரளி என்றும் சொல்வார்கள். அரளிக் குடும்பத்துச் செடி. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். சார்ல் புளுமியே என்ற 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். பூர்வீகத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அங்குள்ள வறண்ட காடுகளில் குளிர்கால மாதங்கள்தான் மழையில்லாத மாதங்கள். இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்து வைத்த நீரைக்கொண்டு அந்த வறட்சியைக் கடப்பது இதன் இயல்பு. அதாவது, இலை உதிர்ந்தால் “எனக்கு இப்போது தண்ணீர் வேண்டாம்” என்று செடி சொல்கிறது.

1. குச்சி எடுப்பது

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூக்க மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆகும். பூவின் நிறமும் தாய்ச்செடியைப் போல இருக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் குச்சியில் தொடங்குவதே நல்லது.

குளிர் விட்டு, வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் எடுங்கள். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளத்தில், பட்டை சாம்பல் நிறமாக முற்றிய கிளைநுனி வேண்டும். பச்சையாக இருக்கும் இளந்தண்டு எளிதில் அழுகிவிடும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டியதும் வெள்ளைப் பால் வடியும். அது தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். அதனால் கையுறை அவசியம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் செடியைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இலைகளையும் பூங்கொத்தையும் கிள்ளிவிடுங்கள். இருந்தால் அவை தண்டின் ஈரத்தை உறிஞ்சும்.

2. காயவைப்பது

அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான். வெட்டிய குச்சியை அன்றே நடக்கூடாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் சும்மா வைத்துவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து, புண்ணில் பொருக்குத் தட்டியதுபோல் இறுகும். விரல் நகத்தால் தட்டினால் கட்டையைத் தட்டிய சத்தம் வரவேண்டும். அதற்குள் தண்டு லேசாகச் சுருங்கினாலும் கவலை வேண்டாம்.

3. நடுவது

இரண்டு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) அல்லது கரடான மணல், ஒரு பங்கு மண் கலவை. அடியில் துளையுள்ள சிறிய தொட்டி, 15 சென்டிமீட்டர் அகலம் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். குச்சியை 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, பக்கத்தில் ஒரு கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். காற்றில் ஆடினால் அப்போதுதான் விடும் நூல்வேர்கள் அறுந்துபோகும்.

நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு, மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும், சிலது மூன்று மாதம்கூட எடுக்கும். இதில் மண்ணின் வெப்பம்தான் முக்கியம். 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் வேகமாகப் பிடிக்கும்.

முதல் இலை வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தண்டிலிருக்கும் சேமிப்பைக்கொண்டே இரண்டு மூன்று இலை விடும். இலைகள் உள்ளங்கை நீளம் வளர்ந்து, தொடர்ந்து புது இலை வந்தால்தான் வேர் ஓடிய அடையாளம். பிடுங்கிப் பார்க்கவே கூடாது. பொறுமை இல்லாதவர்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் நடுங்கள். வெள்ளை வேர் சுவரில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். எனக்கு அதைப் பார்ப்பதில் இன்றைக்கும் சலிப்பு வந்ததில்லை.

4. வெயில், தண்ணீர், உரம்

தினமும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில். அது கிடைக்காத இடத்தில் இலை மட்டும் வளரும், பூக்காது. மேல்மண் நான்கைந்து சென்டிமீட்டர் காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் போட்டால் கிளை நெடுநெடுவென்று ஓடும், பூ வராது. மெதுவாகக் கரையும் சமச்சீரான உரமே போதும். “பூக்க வைக்கும்” என்று சொல்லி விற்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடிய பொடிகள் இல்லாமலே என் செடிகள் பூக்கின்றன.

இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் தெரிவது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும்.

பூங்கொத்து கிளையின் நுனியிலிருந்துதான் கிளம்பும். பூத்து முடிந்த இடத்தில் அந்தக் கிளை பெரும்பாலும் இரண்டு மூன்றாகப் பிரியும். அடுத்த பருவத்துப் பூ முழுவதும் அந்த நுனிகளை நம்பியே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள். (மணக்க மணக்கப் பூத்தாலும் இந்தப் பூவில் தேன் கிடையாது. இரவில் வாசனை கூடும், அதை நம்பி வருகிற அந்துப்பூச்சி ஏமாந்து மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டுப் போகும்.)

5. குளிர்காலம்

கோடை முடியும்போதே உரத்தை நிறுத்துங்கள். அதன்பின் துளிர்க்கும் இளந்தண்டு குளிரைத் தாங்காது. இரவு வெப்பம் இறங்க இறங்கத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். இலை மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிரும், உதிரட்டும்.

இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாத ஊர் என்றால் வேலை அதிகமில்லை. மழையும் பனியும் படாத கூரைக்கடியில் நகர்த்திவிட்டுத் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்துங்கள். 10க்குக் கீழே இறங்கி, ஆனால் உறையாத இடங்களில், பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் சுவரை ஒட்டித் தொட்டியை வையுங்கள். குளிர் கடுமையான இரவுகளில் மட்டும் பழைய போர்வையோ பருத்தித் துணியோ போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாள் தண்டில் ஒட்டினால் அந்த இடம் குளிரில் கருகும், அதனால் துணியே சிறந்தது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். எல்லாக் கிளைக்கும் முடியாவிட்டால் நுனிகளுக்காவது துணி சுற்றுங்கள். கருகுவது முதலில் அவைதான்.

தண்ணீர் உறையும் ஊரில் செடியை உள்ளே கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. தண்டிலிருக்கும் நீர் உறைந்தால் உள்திசு உடைந்துபோகும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து இலையோடு காப்பாற்றப் பார்க்கலாம். ஆனால் வெளிச்சம் போதாமல் தண்டு மெலிந்து நீளும், வீட்டின் வறண்ட சூட்டில் சிலந்திப் பேன் பெருகும். நான் சொல்வது, தூங்க விட்டுவிடுங்கள் என்பதுதான். இலை உதிர்ந்த செடிக்கு வெளிச்சமே தேவையில்லை. 10 முதல் 15 டிகிரிவரை இருக்கும் உலர்ந்த அறை, கார் நிறுத்தும் அறைகூடப் போதும். சில்லிட்ட சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகைமேல் வையுங்கள். தண்ணீர் வேண்டாம். தண்டு ரொம்பச் சுருங்கிவிட்டால் மாதம் ஒரு சின்ன டம்ளர், அவ்வளவுதான்.

இடமில்லாதவர்கள் தொட்டியிலிருந்தே எடுத்துவிடலாம். மண்ணை உதறி, வேரைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, செடியை ஓரமாகச் சாய்த்து வையுங்கள். பார்க்க விறகுக்கட்டை போலிருக்கும். மூன்று நான்கு மாதம் அப்படியே கிடந்து, பிறகு மண்ணில் வைத்தால் துளிர்க்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இலையின் நுனி கூராக இல்லாமல் வட்டமாக இருக்கும் வகை, பெரும்பாலும் வெள்ளைப் பூ பூப்பது, முழுதாக இலை உதிர்க்காது. குளிரையும் குறைவாகவே தாங்கும். அதை மட்டும் வெளிச்சமும் கதகதப்பும் உள்ள இடத்தில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை தண்டை அழுத்திப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் நலம். கொழகொழவென்றிருந்தால் காத்திருக்காமல் உடனே வெட்டுங்கள். உள்சோறு பழுப்புப் புள்ளி இல்லாமல் சுத்தமான வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மீதமிருக்கும் நல்ல நுனியை இரண்டாம் படியில் சொன்னபடி காயவைத்தால் அது புதுச் செடி.

6. எழுப்புவது

இரவு வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கியதும் வெளியே கொண்டு வாருங்கள். நேராக உச்சிவெயிலில் வைக்காதீர்கள், தண்டின் தோல் வெந்துவிடும். ஒரு வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில். குளிரில் நுனி கருகியிருந்தால் பால் வடியும் இடம்வரை இப்போது வெட்டிவிடுங்கள்.

நுனியில் பளபளவென்று பச்சையாக, பூனை நகம்போல ஒன்று எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் ஒரு வாளி ஊற்றத் தோன்றும். பொறுங்கள். முதலில் ஒரு டம்ளர், அடுத்த வாரம் இன்னொன்று. மூன்று நான்கு இலை முழுதாக விரிந்த பிறகுதான் வழக்கமான தண்ணீரும் உரமும்.