கர்சர மாத்தப் போய் க்ளிக்கே விழாம போன கதை

என் சைட்டுக்கு கெத்தா ஒரு கர்சர் வைக்கலாம்னு ஆசைப்பட்டு, ஒரிஜினல் அம்புக்குறிய மறைச்சுட்டு, மவுஸ் பின்னாடியே ஓடி வர்ற மாதிரி ஜாவாஸ்க்ரிப்ட்ல (பேஜுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம் மொழி) ஒரு வட்டம் செஞ்சேன். பாக்க சூப்பரா இருந்துச்சு, ஆனா எந்த பட்டன அமுக்குனாலும் ஒண்ணும் நடக்கல. அரை நாள் மண்டைய பிச்சுக்கிட்டப்புறம்தான் புரிஞ்சுது, க்ளிக் எல்லாம் மேல மிதக்குற வட்டத்து மேலயே விழுது! அந்த வட்டத்துக்கு 'pointer-events: none'னு, அதாவது க்ளிக்க நீ வாங்காத, கீழ விட்டுடுன்னு, ஒரே ஒரு வரி போட்டதும் பட்டன் வேலை செஞ்சுது.

சரி முடிஞ்சுதுன்னு பாத்தா, வட்டம் கைக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டே வருது. நிஜ கர்சர சிஸ்டமே வரையுது, பேஜ் எவ்ளோ திணறுனாலும் அது நகரும், நம்ம வட்டம் ஸ்க்ரிப்ட் ஓடுனாதான் நகரும். போதாததுக்கு, கண்ணு சரியா தெரியாம கர்சர பெருசாக்கி வச்சிருக்கவங்களுக்கு அதையும் நான் மறைச்சிருக்கேன்.

வட்டத்த தூக்கிப் போட்டுட்டு, சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்த சொல்ற மொழி) இருக்கற cursor வரிலயே 32க்கு 32 பிக்சல்ல ஒரு பிஎன்ஜி படம் குடுத்தேன் (128ஐ தாண்டுனா குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் கண்டுக்காது). இப்ப வேற கூத்து, படத்துல குறி நடுவுல இருக்கு, க்ளிக் ஆகுறது இடது மேல் மூலைல. ஹாட்ஸ்பாட், அதாவது படத்துல எந்தப் புள்ளில க்ளிக் விழணும்னு, குடுக்கலன்னா பிஎன்ஜிக்கு 0 0தான், அதாவது அந்த மூலைதான். 16 16னு போட்டேன், கடைசில கமா வச்சு auto-வும் (படம் வரலன்னா வழக்கமான கர்சரே வரட்டும்னு) சேத்தேன், அது இல்லன்னா அந்த வரியே செல்லாது.

டைப் பண்ற பெட்டில பழைய செங்குத்துக் கோட்டு கர்சர், லிங்க் மேல கை, ரெண்டையும் திருப்பி வச்சுட்டேன்.