ஒரு வயதுக் குழந்தை: தட்டும் நடையும் சொல்லும்

"எட்டு மாதத்தில் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்ட பிள்ளை, இப்போது வாயையே திறக்க மாட்டேன் என்கிறது" என்ற புகார், முதல் பிறந்தநாள் முடிந்த சில வாரங்களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் எழுகிறது. கண்ணேறு பட்டுவிட்டது என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போடுவார். அப்பா பசியைத் தூண்டும் டானிக் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார். அம்மா வேறு வழியில்லாமல் செல்பேசியில் பாட்டைப் போட்டுக் காட்டியபடி ஊட்டத் தொடங்குவார். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நடுமதிப்புகளைப் பார்த்தால், பிறக்கும்போது 3.2 கிலோ இருக்கும் பெண் குழந்தை ஓராண்டு நிறைவில் 8.9 கிலோவை எட்டுகிறது. அதாவது, ஒரே ஆண்டில் ஐந்தரைக் கிலோவுக்கும் மேல் கூடுகிறது. அடுத்த ஓராண்டு முழுவதும் சேர்ந்து கூடுவதோ இரண்டரைக் கிலோ அளவுதான். ஆண் குழந்தையின் கணக்கும் இப்படியே: ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2 கிலோ. வளர்ச்சியின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும்போது பசியும் இறங்கத்தானே செய்யும்?

ஆகவே இந்த வயதில் முதலில் மாற வேண்டியது குழந்தையன்று, ஊட்டுகிறவரின் கை. எதை, எப்போது, எங்கே உட்காரவைத்துக் கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுணவும் போதும். ஒரு வேளைக்கு 250 மில்லி கொள்ளும் கிண்ணத்தில் முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம் வரை வைக்கலாம். அரை மணி நேரத்துக்குள் முடியாத உணவைத் துரத்தித் துரத்தி ஊட்டாமல் எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை காத்திருப்பதே நல்லது.

தானே எடுத்து உண்ணப் பழக்குவதற்கு உயர்ந்த நாற்காலியோ சிறப்புத் தட்டோ தேவையில்லை. பழைய பாய் ஒன்றை விரித்து, பெரியவர்கள் உண்ணும் நேரத்திலேயே குழந்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, சாம்பாரில் ஊறிய இட்லித் துண்டுகள் நான்கையும் வேகவைத்த பூசணித் துண்டுகள் இரண்டையும் தட்டில் வையுங்கள். முதல் வாரம் இட்லி நசுங்கும், தலையில் அப்பப்படும், கொஞ்சம் சுவருக்கும் போகும். பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒற்றைப் பருக்கையைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கும். என் இளைய மகன் பதின்மூன்றாம் மாதத்தில் ரசம் சாதத்திலிருந்து ஒரு கடுகைத் தேடி எடுத்து, அது ஒட்டிய விரல் நுனியை எல்லாருக்கும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வாய்க்குப் போவான். அன்றைய சாப்பாடு முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்பது வேறு கதை. (மேலே சொன்ன அரை மணிக் கணக்கு, குழந்தை தானே உண்ணும்போது பொருந்தாது.) மிக்சியில் அரைத்த கூழை இந்த வயதிலும் தொடர்ந்தால் மெல்லும் பழக்கம் தள்ளிப்போகும், ஆகையால் வீட்டில் எல்லாரும் உண்பதையே காரம், உப்பு குறைத்து, கையால் மசித்துக் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பால் பொருள்கள், மீனும் இறைச்சியும், முட்டை, கீரையும் மஞ்சள் நிறக் காய்கனிகளும், பிற காய்கனிகள் என்ற எட்டு வகைகளில் ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து வகை குழந்தையின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள குறைந்தபட்ச அளவு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியிலேயே இரண்டு வகை வந்துவிடுகிறது. அதனுடன் தாய்ப்பால், ஒரு முட்டை, கொஞ்சம் பப்பாளி சேர்ந்தால் கணக்கு முடிந்தது. கவலைப்பட வேண்டியது பாலைப் பற்றித்தான். "சாப்பிடாவிட்டால் பாலாவது குடிக்கட்டும்" என்று நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பசும்பாலைப் புகட்டினால் வயிறு நிறைந்து சோறு உள்ளே போகாது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்பதால் குழந்தை கொழுகொழுவென்று இருந்தபடியே இரத்தச்சோகைக்கு ஆளாகும். அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். அதையும் புட்டியில் அல்லாமல் டம்ளரில் கொடுங்கள். டீயில் நனைத்த பிஸ்கட்டையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஈரல், மீன், முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், கீரைச் சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவதும் பலன் தரும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்திலேயே வழங்கப்படுகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டுப் பெறலாம். மாதந்தோறும் எடை பார்ப்பதற்கும் சத்துமாவு வாங்குவதற்கும் அங்கன்வாடிக்குச் செல்லும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், கடினமான மிட்டாய், விதை எடுக்காத பழம் ஆகியவற்றைக் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும் தரலாம். குழந்தை ஓங்கரித்து இருமினால் பதற வேண்டாம்; சத்தம் வருகிறது என்றால் காற்றும் போகிறது. சத்தமே இல்லாமல் முகம் நீலம் பாரித்தால்தான் மூச்சு அடைத்திருக்கிறது. அப்போது குழந்தையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிட்டால் குழந்தையின் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கையை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவுவது அதை இன்னும் உள்ளே தள்ளும். தொண்டையில் சிக்கியதை ஊதியும் உறிஞ்சியும் எடுப்பதாகச் சொல்லும் "தொக்கம் எடுக்கிற" இடங்களின் பக்கமே போக வேண்டாம்.

நடை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தையை நடந்து வரும்படி அழைக்கும் வாரானைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில் வைத்தார்கள். அந்தக் கணிப்பு பெரிதும் சரியானதே. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினோராம் மாதத்திலேயே ஓடுகிறதே என்று பதறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எந்தப் பிடிப்பும் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடைக்குப் போய்விட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. வரிசைதான் முக்கியம்: சுவரையோ கட்டிலையோ பிடித்துப் பக்கவாட்டில் நகர்வது, பிடியை விட்டு ஒரு கணம் நிற்பது, பிறகு இரண்டு அடி எடுத்து வைத்துத் தொப்பென்று உட்கார்வது. இந்த வரிசையில் குழந்தை நகர்ந்துகொண்டிருந்தால் தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால்கள் சற்று வில்போல வளைந்திருப்பதும் பாதம் தட்டையாகத் தெரிவதும் இந்த வயதில் இயல்பு.

நடைவண்டி வேறு, வாக்கர் வேறு. திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. மண் தரையில் அது நல்ல விளையாட்டு. வழுக்கும் டைல்ஸ் தரையில் மட்டும் வண்டி முன்னே ஓடிவிடும் என்பதால் கைப்பிடியில் உங்கள் கையும் இருக்கட்டும். குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் சக்கர வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை; படிக்கட்டில் உருளவும் அடுப்பருகே நொடியில் சென்று சேரவும் மட்டுமே உதவுகிறது. கனடா நாடு அதன் விற்பனையை 2004-இலேயே தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் செருப்பும் வேண்டாம், வெறுங்காலே தரையை நன்றாகப் பற்றும். கொலுசு போடுவதானால் மணிகள் கழன்று வருகின்றனவா என்று வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

நடை வருவதற்கு முன்பே ஒருநாள் நீங்கள் முழங்காலிட்டு வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்கள். மேசை விரிப்பின் தொங்கும் நுனி, இஸ்திரிப் பெட்டியின் வயர், சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பொத்தான் பேட்டரி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் அந்துருண்டை எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். குளியலறை வாளியில் நான்கு விரற்கடை தண்ணீர் இருந்தாலும் ஆபத்து. இந்த வயதில் தலை கனமானது, குப்புற விழுந்தால் குழந்தையால் எழ முடியாது. வாளியைக் கவிழ்த்து வைப்பதையும் கதவைத் தாழிடுவதையும் வீட்டிலுள்ள எல்லாரும் பழக வேண்டும். சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதையும் பூசக் கூடாது.

சொல்

ஒரு வயதில் "அம்மா", "தாத்தா", "காக்கா" என்று ஒன்றிரண்டு சொற்கள் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சொல்லைவிட முதலில் பார்க்க வேண்டியது சுட்டுவிரல். குழந்தை மதில்மேல் நிற்கும் காகத்தைக் காட்டிவிட்டு, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? "நீயும் பார்த்தாயா" என்று கேட்கிற அந்தப் பார்வையில்தான் பேச்சு தொடங்குகிறது. காகத்தைக் காட்டினால் "ஆமாம், காக்கா. கறுப்புக் காக்கா. பறந்துபோச்சு" என்று அது காட்டியதைப் பற்றியே இரண்டு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் தமிழோடு வேறொரு மொழியும் புழங்குவதால் பேச்சு கெட்டுப்போவதில்லை. செல்பேசியும் தொலைக்காட்சியும் இந்த வயதில் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. திரை எவ்வளவு பேசினாலும், குழந்தையின் விரல் போகும் திசையை அது பார்ப்பதில்லை.

பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒரு வயது கடந்தும் எதையும் சுட்டிக் காட்டாதது, டாட்டா காட்டாதது, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் வராதது, வந்த சொல்லோ பழக்கமோ மறைந்துபோவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற சமாதானத்தில் ஓராண்டு போய்விடும். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துக்கொண்டு, குழந்தைநல மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலோ காட்டுங்கள்.

தூக்கம் பகலும் இரவும் சேர்த்துப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரம் வேண்டும். பகலில் இருமுறை தூங்கியது பதினைந்து, பதினெட்டு மாதங்களில் ஒருமுறையாகச் சுருங்கும். அந்த மாற்றம் நடக்கும் வாரங்களில் மாலை நேரத்துச் சிணுங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுந்து நின்று எட்டிப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்குத் தூளி இனி ஆகாது, தரையில் பாய் விரித்துப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. பல் முளைத்தவுடன் அரிசி அளவு பற்பசையால் தேய்த்துவிடத் தொடங்கலாம். 16 முதல் 24 மாதங்களுக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு மருந்தின் ஊக்கத் தவணை ஆகியவை உண்டு; வைட்டமின் ஏ திரவத்தின் இரண்டாம் தவணையும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஒன்பதாம் மாத ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். குடற்புழு மாத்திரை இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை மட்டும். அதைப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டும்.

இந்த ஆண்டில்தான் பெரும்பாலான வீடுகளில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் நடக்கின்றன. நல்ல நேரம் பார்க்கும்போது குழந்தையின் தூக்க நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் பால் குடித்து, தூக்கம் வருவதற்கு முன் உள்ள ஒரு மணி நேரம் ஏற்றது. பிளேடு உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும், காது குத்தும் ஊசியும் புதியதாக இருக்க வேண்டும். ஆசாரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சபையில் மனத்தாங்கல் வராது. கீறல் இருந்தால் அந்த இடத்தை விட்டுச் சந்தனம் பூசுங்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைப்பதுதான் அன்றைக்குக் கடினமான வேலை, ஏனெனில் முகம் பழகாதவரைக் கண்டு மிரள்வது இந்த வயதின் இயல்பு. வெளியூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கும் மாமனின் மடியில் குழந்தை வீறிட்டு அழுவதைப் பார்த்து அவரே சங்கடப்பட்டுப் போவார். இரண்டு நாள் முன்னதாகவே அவரை வரச்சொல்லுங்கள். அவர் தரையில் உட்கார்ந்து, தூக்க முயலாமல், டப்பா ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் போதும். குழந்தை தானே தவழ்ந்து வந்து மூடியைக் கேட்கும்.