போலந்துக்காரருக்கு ஆங்கிலம்: அலுவலகச் சச்சரவுச் சொற்களைச் சொல்லித்தருவது எப்படி?

ஆன்லைனில் போலந்து மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கும், கிராக்கோவ், விரோத்ஸ்வாஃப் போன்ற ஊர்களில் போலந்துக்காரர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும். பழம், நிறம், கிழமை எல்லாம் அவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். மேலாளரோடு மனஸ்தாபம் வரும்போதுதான் ஆங்கிலம் தடுமாறும். அங்கே ஒரு சொல் மாறினாலும் பிரச்சினை பெரிதாகிவிடும் என்பதால், இந்தச் சொற்களைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள்.

படி 1: ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்

போலிஷில் 'ஆக்துவால்னியே' என்றால் 'தற்போது'. மாணவர் அதை 'ஆக்சுவலி' என்று மாற்றிவிடுவார். 'எவென்துவால்னியே' என்றால் 'வேண்டுமானால், அப்படி இல்லையென்றால்'. ஆகவே 'வி கேன் ஈவென்சுவலி மீட் ஆன் ஃப்ரைடே' என்று அவர் எழுதினால், வெள்ளிக்கிழமையும் சரிதான் என்கிறார். படிக்கும் ஆங்கிலேயருக்கோ 'ஒருவழியாக வெள்ளிக்கிழமையாவது சந்திக்கலாமே' என்று சலித்துக்கொள்வதுபோல் இருக்கும். 'சிம்பாதிச்னி' இனிமையானவர், 'சிம்பதெடிக்' அல்ல. 'ஓர்டினார்னி' ஆபாசமான, முரட்டுத்தனமான என்ற பொருள். 'ஆர்டினரி' என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கலாம்.

சச்சரவு என்று வந்தால் 'பிரெதென்ஸ்யே' மிக முக்கியம். அது ஒருவர்மேல் உள்ள மனக்குறை. 'ஐ ஹாவ் பிரிடென்ஷன்ஸ் டு யூ' என்று மாணவர் சொன்னால் அடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. 'ஐ ஹாவ் எ கம்ப்ளெய்ன்ட் அபவுட்' என்ற வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

படி 2: 'மஸ்ட்' விஷயத்தைத் தனியாக எடுங்கள்

போலிஷில் 'நியே மூஷிஷ்' என்றால் 'நீ செய்ய வேண்டிய அவசியமில்லை'. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'யூ மஸ்ட்ன்ட்' என்று வந்துவிடும். 'நாளைக்கு வரத் தேவையில்லை' என்று சொல்ல நினைத்தவர் 'நாளைக்கு வரக்கூடாது' என்று சொல்லிவிடுவார். தமிழில் இந்த இரண்டும் வேறு வேறு என்று நமக்குத் தெரியும், அதனால் இதை விளக்குவது நமக்குச் சுலபம். 'டோன்ட் ஹாவ் டு' என்பதை வாய்வழியாகவே பலமுறை பழக்குங்கள்.

படி 3: சண்டையின் அளவைச் சொல்லுங்கள்

'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்', 'டிஸ்அக்ரீமென்ட்', 'ஆர்க்யுமென்ட்', 'டிஸ்பியூட்' என்று வரிசையாக எழுதுங்கள். இதில் 'ஆர்க்யுமென்ட்' கவனம்: போலிஷில் அது முன்வைக்கும் வாதத்தை மட்டுமே குறிக்கும், ஆங்கிலத்தில் வாய்ச்சண்டையும்தான். அப்புறம் 'கிரீவன்ஸ்' என்பது முறைப்படி எழுத்தில் தரும் புகார் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 4: 'மொபிங்', இதற்கு ஒரு முழு வகுப்பு

போலந்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சொல். தொழிலாளர் சட்டத்தில் 2004 முதல் இடம்பெற்றிருக்கிறது. ஊழியர் ஒருவரைத் தொடர்ந்து, நீண்ட காலம் துன்புறுத்துவதை அல்லது மிரட்டுவதைக் குறிக்கும். இது ஆங்கிலத்திலிருந்து வந்ததுபோல் இருப்பதால், லண்டனிலும் இதே சொல்தான் என்று மாணவர் நினைப்பார். பிரிட்டிஷ் அலுவலகத்தில் 'புல்லியிங்' என்றால்தான் சட்டென்று புரியும். அங்கே 'ஹராஸ்மென்ட்' வேறு. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அது இனம், மதம், பாலினம், வயது போன்றவற்றோடு தொடர்புடையது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். போலந்துச் சட்டத்தில் ஹராஸ்மென்டுக்கு உள்ள சொல் 'மொலெஸ்தோவானியே'. மாணவர் அதை 'மொலெஸ்ட்' என்று மொழிபெயர்த்துவிட்டால், பாலியல் வன்சீண்டல் என்று ஆகிவிடும். மனிதவளத் துறைக்கு எழுதும் கடிதத்தில் இது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு!

'ஸ்வொல்னியேனியே' வேலைநீக்கத்தையும் குறிக்கும், மருத்துவ விடுப்பையும் குறிக்கும். முதலாவது 'டிஸ்மிஸல்', இரண்டாவது 'சிக் லீவ்'. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

படி 5: தொனி

போலிஷில் 'பான்', 'பானி' என்று மரியாதையாக விளித்துவிட்டு, விஷயத்தை நேராகச் சொல்வது இயல்பு. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஆகவே மரியாதையை 'குட் யூ' (could you), 'ஐம் அஃப்ரெய்ட்' போன்றவற்றில்தான் காட்ட வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: பேச்சுப் போலிஷில் 'நோ' என்றால் 'ஆமாம்'. போனில் பேசும்போது இது ஆளைக் குழப்பும்.

படி 6: அட்டைகள்

'ஃபிஷ்கி' என்று அவர்கள் சொல்லும் படிப்பு அட்டைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒற்றைச் சொல் வேண்டாம், போலிஷில் ஒரு சூழ்நிலை இருக்கட்டும்: 'மேலாளர் எல்லார் முன்னாலும் உன்மேல் பழி போட்டார்'. மறுபக்கம் ஆங்கிலத்தில் அவர் சொல்ல வேண்டிய முழு வாக்கியம். சந்தேகம் வந்தால் 'டிகி' இணைய அகராதியில் பார்க்கச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் நீங்கள் மேலாளராகவும் அவர் ஊழியராகவும் நடித்துப் பாருங்கள். அடுத்த சுற்றில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.