காலர் மைக் ஊமையானால்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என எதுவானாலும் ஒலிபெருக்கி இல்லாமல் தொடங்குவதில்லை. கையில் பிடித்துப் பேசும் மைக்கின் இடத்தைச் சட்டையில் மாட்டும் கம்பியில்லாக் காலர் மைக் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. அது நன்றாக வேலை செய்யும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஊமையானால் மட்டும் கூட்டம் முழுவதும், ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பார்வையின் அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

தவறுகளில் மூத்தது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. பேட்டரியை மாற்றி, அலைவரிசையை மாற்றி, ஒயரைப் பிடுங்கிச் செருகி, மிக்சரில் ஒலியையும் ஏற்றிய பிறகு மைக் பேசத் தொடங்கினால், எது அதைக் குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் அது மறுபடி அடங்கும்போது தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். தோட்டத்துப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் நடந்த ஒரு கல்யாணத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். பேட்டரியை இரண்டு முறையும் அலைவரிசையை மூன்று முறையும் மாற்றினேன். தாலி கட்டி முடிந்து, மாலை மாற்றும் நேரத்தில்தான், குரலை ரேடியோ அலையாக அனுப்பும், ஐயர் இடுப்பிலிருந்த பெட்டியில் செருகிய ஒயரின் கழுத்துப் பகுதி உள்ளுக்குள் அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டி அனுப்பும் அலையை வாங்கி மிக்சருக்குக் கொடுக்கும் ரிசீவரின் முகப்பைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. பெரும்பாலான ரிசீவர்களில் இரண்டு அளவுகாட்டிகள் இருக்கும். ஆர்.எஃப். என்பது பெட்டியிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்பதையும், ஏ.எஃப். என்பது அந்த அலையோடு குரல் வருகிறதா என்பதையும் காட்டும். பழுது எந்தப் பக்கம் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து அரை நிமிடத்தில் சொல்லிவிடும். ஆர்.எஃப். எரிந்து, பேசும்போது ஏ.எஃப். அசையாவிட்டால், அலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; மைக், அதன் ஒயர், செருகி, அல்லது பெட்டியிலுள்ள மியூட் சுவிட்ச்தான் காரணம். ஆர்.எஃப். எரியவே இல்லையென்றால் பெட்டி அணைந்திருக்கிறது, அல்லது பெட்டியும் ரிசீவரும் வெவ்வேறு அலைவரிசையில் நிற்கின்றன. இரண்டும் துள்ளியும் ஒலிபெருக்கி மௌனமாக இருந்தால், ரிசீவரிலிருந்து மிக்சருக்குப் போகும் ஒயரையும் மிக்சரையும் பாருங்கள். மைக் அணிந்திருப்பவரின் இடுப்பை அப்போது தொந்தரவு செய்யத் தேவையே இல்லை.

"மைக் சரியில்லை" என்ற சொல்லோடு நின்றுவிடுவதும் ஒரு தவறுதான். எப்படிச் சரியில்லை என்று கேட்க வேண்டும். ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பழுது தேடுபவருக்கு அவை நன்றாகவே கைகொடுக்கும். பேசுபவர் திரும்பும்போதோ கையைத் தூக்கும்போதோ மட்டும் "கரகர" என்று வந்தால் ஒயரைச் சந்தேகிக்கலாம். ஓயாமல் "ஸ்ஸ்" என்று இரைந்து, பேசுபவர் நகர நகர அந்த இரைச்சல் கூடிக் குறைந்தால் அது அலை வலுவிழந்ததன் அடையாளம்; இது அனலாக் கருவிக்கு உரியது. டிஜிட்டல் கருவியில் இரைச்சல் பெரும்பாலும் வருவதில்லை, சொல் பாதியில் வெட்டுப்படும். "ம்ம்ம்" என்று தொடர்ந்து முனகினால் மின்சாரக் கோளாறு. "சரசர" என்றால் எதுவும் பழுதில்லை, பட்டுச் சரிகை மைக்கில் உரசுகிறது. "டொக் டொக்" என்றால் தாலிக்கொடியோ சங்கிலியோ மோதுகிறது. மணப்பெண்ணின் மைக்கைப் பழுதென்று கழற்றிவிட்டுப் பிறகு அதே மைக் மேசைமேல் தெளிவாகப் பேசுவதைப் பார்த்து விழித்தவர்கள் எங்கள் தொழிலில் நிறைய பேர்.

ஒயரைக் கடைசியில் சந்தேகிப்பது

கம்பியில்லா மைக் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. மைக்கிலிருந்து இடுப்புப் பெட்டிவரை ஒரு மெல்லிய கம்பி இருக்கவே செய்கிறது; அந்தக் கருவி முழுவதிலும் அதிகமாக வளைந்து, இழுபட்டு, வியர்வையில் ஊறும் உறுப்பும் அதுதான். ஆகவே, ஏ.எஃப். துடிக்காதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையே. ரிசீவரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒருவரைச் சீராக எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லி, ஒயரைச் செருகியின் கழுத்திலிருந்து தொடங்கி ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக மெதுவாக வளைத்துப் பார்த்தால், அறுந்த இடம் வரும்போது குரல் விட்டுவிட்டு வரும். பெரும்பாலும் அது செருகியின் கழுத்திலோ மைக் தலைக்கு அடியிலோதான் இருக்கும். மிக்சரில் ஒலியைத் திறந்து வைத்துப் பெரிய ஒலிபெருக்கி வழியாக இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். "டமார்" என்ற சத்தம் ஸ்பீக்கருக்கும் நல்லதன்று, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் நல்லதன்று.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைக்கும் வழக்கமே இந்தப் பழுதைத் தேடிக் கொண்டுவருகிறது. அகலமான வளையமாகச் சுருட்டி வைத்தால் போதும். மாட்டும்போது கிளிப்புக்கு அடியில் ஒயரை ஒரு சிறு வளையமாக மடித்துச் செருகிவிட்டால், யாராவது தெரியாமல் இழுத்தாலும் இழுப்பு மைக் தலைக்குப் போகாது.

செருகி எல்லாம் ஒன்றுபோல இருப்பதாக நினைப்பதும் கவனிக்க வேண்டியது. 3.5 மில்லிமீட்டர் செருகியில் இரண்டு கருவளையங்கள் இருந்தால் அது பொதுவாகக் கேமராவுக்கும் இடுப்புப் பெட்டிக்கும் உரியது. மூன்று கருவளையங்கள் இருந்தால் கைத்தொலைபேசிக்கு உரியது. தொலைபேசிக்கான மைக்கைப் பெட்டியில் செருகினால் செருகி ஒழுங்காகவே பொருந்தும், ஆனால் குரல் வராமலோ மிக மெலிந்தோ போகலாம். இணையத்தில் மலிவாக வாங்கிய மாற்று மைக் "முதல் நாளே கெட்டுவிட்டது" என்று வருத்தப்படுபவர்களில் சிலரது மைக் கெடவே இல்லை. திருகு வளையம் வைத்துப் பூட்டும் செருகி உள்ள பெட்டியில் பூட்டில்லாத சாதாரணச் செருகியைப் போட்டால், அது குனிந்து நிமிரும்போது அரைகுறையாகக் கழன்று அதே தொல்லையைத் தரும்.

அலைவரிசையில் நடக்கும் பிழைகள்

காலியான அலைவரிசையைத் தேடும் ஸ்கேன் பொத்தானை ரிசீவரில் அழுத்தும்போது தன்னுடைய இடுப்புப் பெட்டியையே அணைக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. ரிசீவர் நம் மைக்கின் அலையையே அயலானாகக் கருதி ஒதுக்கிவிடும். நம் பெட்டியை அணைத்துவிட்டு, மேடையில் பயன்படப் போகும் மற்ற மைக்குகளையும், அரங்கத்துக்குச் சொந்தமான மைக் இருந்தால் அதையும் இயக்கத்தில் வைத்துத்தான் தேட வேண்டும். நம் பெட்டி அணைந்திருக்கும்போதும் ஆர்.எஃப். எரிந்தால், அந்த இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டு மூன்று மைக்குகளைச் சம இடைவெளியில் அடுக்குவது பார்ப்பதற்கு ஒழுங்காகத் தோன்றும். உண்மையில் அதுவே ஆபத்து. 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்றை வைத்தால், முதல் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, 601-ஐ இரட்டித்து 600-ஐக் கழித்தால் வரும் 602-இல் ஒரு போலி அலையை உண்டாக்கும். மூன்றாவது மைக் காரணம் தெரியாமல் கரகரக்கும். தனியாகச் சோதித்தால் ஒன்றும் இல்லாமல் நன்றாகப் பேசும். ஒன்றாக இயங்கும் மைக்குகளுக்கென்று தயாரிப்பாளர்கள் அலைவரிசைகளைத் தொகுத்துத் தரும் குழு வரிசைகள் இதைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டவை. எல்லா மைக்குகளையும் ஒரே குழுவுக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பழைய கருவி வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அது விட்டுச்சென்ற 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைத்தொலைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் இயங்கும் பழைய மைக் செட் முன்பு எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும், இப்போது தொலைபேசிக் கோபுரம் அருகிலிருந்தால் திணறும். எத்தனை முறை பழுது பார்த்தாலும் இது தீராது, ஏனெனில் கருவியில் பழுதே இல்லை. பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் அலைவரிசை எல்லை எழுதப்பட்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய செட்டுகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. காலையில் காலி மண்டபத்தில் கோடிவரை நடந்து பார்த்தபோது தடையில்லாமல் பேசிய மைக், மாலையில் முந்நூறு பேர் உட்கார்ந்தவுடன் வெட்டுப்படும். மனித உடலில் பெரும்பகுதி நீர். அந்த அலையை உடல் உறிஞ்சிக்கொள்ளும். போதாததற்கு அத்தனை பேரின் தொலைபேசிகளும் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் நெரிசலை உண்டாக்கும். ரிசீவரை மிக்சர் மேசையிலேயே வைத்திருப்பதுதான் இங்கே தவறு. உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே, பேசுபவரை நேராகப் பார்க்கும் உயரத்தில் அதைக் கட்டுங்கள். முடிந்தால் மேடைக்கு அருகில் வைத்து, மிக்சர்வரை ஒலி ஒயரை நீட்டுங்கள். பெட்டியைப் பேசுபவரின் முதுகுப் பக்கம் ஒளித்துவைத்து, ரிசீவரை முன்புறம் வைத்தால் அவர் உடலே சுவராக நிற்கும். ஆன்டெனா உள்ள பெட்டியில் அதை மடித்து வேட்டி மடிப்புக்குள் திணிப்பதும், வியர்த்த தோலோடு ஒட்டவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதில் கால்பங்கான பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கே பெட்டியின் ஆன்டெனா வெட்டப்படுகிறது என்பதால், அதை மடிப்பது அளவைக் கெடுப்பதாகும்.

பேட்டரியைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். எந்த வகை போட்டிருக்கிறோம் என்று மெனுவில் சொல்லாவிட்டால் அளவுகாட்டி பொய் சொல்லும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

வியர்வை, சந்தனம், திருநீறு

நம் ஊர்ப் புழுக்கத்தில் மைக் தலைக்குள் ஈரம் இறங்குவது எளிது. குரல் மெல்ல மங்கி, அடைத்தாற்போல வந்து, பின் அடங்கிவிடும். மறுநாள் உலர்ந்ததும் பழையபடி பேசும். இதைக் கண்டு மைக் தானாகவே சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்கு அதையே எடுத்துப்போவது தவறு, ஏனெனில் முதல் வியர்வையிலேயே அது மறுபடி அடங்கும். ஹேர் டிரையரின் சூட்டில் உலர்த்துவதும் கூடாது. உள்ளே மின்னூட்டம் ஏற்றப்பட்ட மெல்லிய படலம் இருக்கிறது, சூடு அதைக் கெடுக்கும். அரிசியில் புதைத்து வைத்தால் தவிடும் மாவும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓர் இரவு வைத்திருப்பதே சரியான வழி.

கோயில் நிகழ்ச்சிகளில் மைக்கின் வலைத்தலையில் சந்தனமும் திருநீறும் ஒட்டிக் காய்ந்துவிடும். குரலில் கூர்மை போய்விட்டால் மிக்சரில் திருகுவதற்கு முன் பஞ்சு உறையைக் கழற்றிப் பாருங்கள். ஊசியால் குத்த வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால், வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு துடைத்தால் போதும்.

மந்திரம் கேட்கவில்லை என்று மைக் ஒலியைப் பெருக்கும் பெட்டியின் கெயினை ஏற்றிக்கொண்டே போவதும் அடிக்கடி நடப்பது. காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எல்லாத் திசையிலிருந்தும் கேட்பவை. பக்கத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது கெயினை ஏற்றினால் அவையும் கூடவே ஏறும், அதோடு ஸ்பீக்கர் ஊளையிடவும் தொடங்கும். மைக்கை வாய்க்கு நெருக்கமாக நகர்த்துங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், தவிலின் சத்தம் அப்படியே இருக்கும். முகவாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருப்பது நல்லது. கெட்டிமேளத்தின்போது பெட்டியிலேயே ஒலி உடைந்துவிட்டால், பிறகு மிக்சரிலோ கேமராவிலோ எவ்வளவு குறைத்தாலும் உடைந்தது உடைந்ததுதான். சத்தம் குறைந்த உடைசலாகக் கேட்கும், அவ்வளவே.

சில மைக்குகளுக்கு ஒயர் வழியாக மின்சாரம் அனுப்பும், மிக்சரின் 48 வோல்ட் ஃபேன்டம் பொத்தான் ரிசீவர் செருகிய வழியில் அணைந்திருக்கட்டும். ரிசீவருக்கு அந்த மின்சாரம் தேவையில்லை.

முனகல் சத்தத்தை நிறுத்த மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துவிடுவது மட்டும் உயிரோடு விளையாடுவதாகும். அப்படிச் செய்தால் முனகல் நிற்கும் என்பது உண்மையே. கூடவே, கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் ஈரக்கையோடு அதைத் தொடுபவரைக் காக்க எதுவும் மிஞ்சாது. மிக்சரிலிருந்து வீடியோ கேமராவுக்கு ஒலி எடுக்கும்போது முனகினால், கேமராவைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால், மிக்சரையும் கேமராவையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவில் ஒலியைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றைச் செருகுங்கள்.

கடைசியாக, பழுதான மைக்கை நல்லவற்றோடு அதே பையில் போட்டுவைப்பது. அடுத்த வாரம் வேறொரு தோட்டத்தில், வேறொருவர் கையில் அது வந்து சேரும். அதன் ஒயரில் சிவப்புப் பசைநாடா ஒன்றைச் சுற்றி, "திரும்பினால் கரகர, செருகிக் கழுத்து" என்று அதன்மேல் எழுதிவிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். பழுது பார்க்கும் கடைக்காரருக்கும் அந்த நான்கு சொற்கள் போதும்.