பழுதான வயர்லெஸ் கீபோர்டிலிருந்து கணினிப் பாட்டுக்கு ஒரு ரிமோட்

தேநீர் கொட்டிப் பாதி எழுத்துகள் விழாமல் போன வயர்லெஸ் கீபோர்டைக் குப்பையில் போட வேண்டாம். பாட்டு ரிமோட்டுக்கு வேண்டியது முழுவதும் அதன் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டில் ஏற்கெனவே இருக்கிறது: பொத்தான்களைப் படிக்கும் சிப், ரேடியோ, ஆன்டெனா. நிரல் எழுதும் வேலையும் இல்லை. பிளே, அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, ஒலி கூட்டுவது, குறைப்பது, மியூட் ஆகிய ஆறுமே யுஎஸ்பி கீபோர்டு தரத்திலேயே உள்ள கட்டளைகள். விண்டோஸும் லினக்ஸும் தனி டிரைவர் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

கீபோர்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். கணினியில் செருகும் சின்ன ரிசீவரான டாங்கிள் கையில் இருக்க வேண்டும். அது தொலைந்திருந்தால் பெரும்பாலான கீபோர்டுகள் வெறும் பிளாஸ்டிக்தான். அடுத்து, பாட்டுக்கான பொத்தான்கள் தனியாக இருக்க வேண்டும். எஃப்என் (Fn) பொத்தானோடு சேர்த்து அழுத்தும் வகை வேண்டாம். எஃப்என்னும் மற்றவை போல ஒரு பொத்தான்தான். ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்துத் தொடவைக்க வேண்டியிருக்கும். எஃப்என்னை நிரந்தரமாக இணைத்துவிட்டால் சிப் தூங்காமல் பேட்டரியைக் குடித்துவிடும்.

மற்ற பொருள்கள்: 6 மி.மீ. சதுர டேக்ட் ஸ்விட்ச் (அழுத்தும்போது மட்டும் இணைக்கும் சின்னப் பொத்தான்) 6, 5×7 செ.மீ. புள்ளிப் பலகை (பாகங்களைச் சால்டர் செய்வதற்கான துளைப் பலகை) ஒன்று, 30 கேஜ் மெல்லிய வயர் ஒரு மீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), கூர்மையான பிளேடு, மல்டிமீட்டர், ஹாட் குளூ. பெட்டிக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பா போதும். கீபோர்டின் போர்டு அதில் அடங்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பேட்டரியை எடுத்துவிட்டுப் பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு திருகு ஸ்டிக்கருக்கோ ரப்பர் காலுக்கோ அடியில் ஒளிந்திருக்கும். திறக்க மறுத்தால் நெம்பாமல் அவற்றைத் தேடுங்கள். உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும், நடுத் தாளில் வெறும் ஓட்டைகள். பொத்தானை அழுத்தினால் மேல் கோடு ஓட்டை வழியே கீழ்க் கோட்டைத் தொடும். எந்த இரண்டு கோடுகள் தொட்டன என்று பார்த்து சிப் அதற்குரிய கட்டளையை அனுப்பும். ஆகவே நமக்கு வேண்டியது ஆறு பொத்தான்களுக்கான கோட்டு ஜோடிகள். இதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை சுலபம். இதில் அவசரப்பட்டால்தான் பாதியில் நின்றுபோகும்.

தாள்களை எடுப்பதற்கு முன் எந்தத் தாள் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, அவற்றின் வால்கள் (தாளிலிருந்து போர்டுக்கு நீளும் பகுதிகள்) போர்டில் எப்படி உட்கார்ந்திருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் வால்கள் தொடும் கறுப்புப் பட்டைகளுக்கு இடமிருந்து எண் போடுங்கள்: மேல் தாளுடையவை மே 1, மே 2, கீழ்த் தாளுடையவை கீ 1, கீ 2. பிறகு பிளே பொத்தான் இருந்த வட்டத்தில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையால் அதே தாளின் வால் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்; மேல் தாள், கீழ்த் தாள் இரண்டிலும் இப்படியே. மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைக்காதீர்கள். வெள்ளி மைக் கோட்டின் மின்தடை நீளத்தைப் பொறுத்துப் பல பத்து ஓம் இருக்கும். சில பத்து ஓமைத் தாண்டினாலே பல மீட்டர்கள் ஒலிக்காது. இணைப்பு இருந்தும் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். 2000 ஓம் நிலையே சரி. தேநீர் அரித்துக் கோடு அறுந்திருந்தால், தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணால் வழியைத் தொடருங்கள்.

கிடைத்த ஜோடியை உடனே சோதித்துவிடுங்கள். பேட்டரியைப் போட்டு, டாங்கிளைச் செருகி, ஒரு வயர்த் துண்டால் அந்த இரண்டு பட்டைகளையும் தொடுங்கள். பாட்டு நிற்க வேண்டும். தாள் மிகவும் கெட்டுப்போயிருந்தால் இதே வழியில் தேடியும் கண்டுபிடிக்கலாம்: வயரின் ஒரு முனையை மே 1-இல் வைத்து மறுமுனையைக் கீழ்த் தாளின் பட்டைகள் முழுவதும் நகர்த்துங்கள், பிறகு மே 2. பொறுமை வேண்டும், ஆனால் தவறாது. தொடங்கும் முன் திறந்திருக்கும் ஆவணங்களை எல்லாம் மூடிவிடுங்கள். எழுத்துகள் கொட்டும், அழிக்கும் பொத்தானும் கணினியைத் தூங்கவைக்கும் பொத்தானும்கூட நடுவில் மாட்டும்.

ஆறு பொத்தானுக்கு அதிகபட்சம் 12 வயர். பல பொத்தான்கள் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்வதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்துவோம் என்பதால் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) தேவையில்லை.

சால்டர் செய்யும்போது பெரும்பாலானோர் தடுமாறுவது அந்தக் கறுப்புப் பட்டைகளில்தான். மேலே இருப்பது கார்பன் பூச்சு. ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டவில்லையே என்று அயர்னை அழுத்திப் பிடித்தால் அடியிலிருக்கும் செம்பு போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும். பிளேடால் மெதுவாகச் சுரண்டிச் செம்பு மின்னியதும், ஃபிளக்ஸ் தடவி ஈயம் பூசுங்கள். ஓர் இடத்தில் இரண்டு வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. பட்டை உரிந்துவிட்டாலும் கவலை வேண்டாம்; அதே கோடு சிப் பக்கம் போகும் வழியில் ஒரு துளையோ சோதனைப் புள்ளியோ இருந்தால் அங்கே வயரை வைக்கலாம். எல்லா வயரும் வைத்து முடிந்ததும் அவற்றின் மேல் ஹாட் குளூ விடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை மூடும்போதே இரண்டு பிய்ந்துவிடும்.

வயர்களின் மறுமுனைகள் புள்ளிப் பலகையில் பொருத்திய டேக்ட் ஸ்விட்சுகளுக்குப் போகும். டேக்ட் ஸ்விட்சின் நான்கு கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை. மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களைப் பயன்படுத்தினால் தவறே வராது. உள்ளே இணைந்த ஜோடியையே எடுத்துவிட்டால், அழுத்தாமலேயே அழுத்தியதாக ஆகிவிடும்.

பெட்டிக்குள் வைக்கும்போது போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோட்டைக் கவனியுங்கள். அதுதான் ஆன்டெனா. பேட்டரியோ வயர்க் கட்டோ அதிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தகரப் பெட்டி கூடவே கூடாது, அலை வெளியே போகாது.

பேட்டரியில் சிக்கனமும் வேண்டாம், துணிச்சலும் வேண்டாம். கீபோர்டில் இரண்டு ஏஏஏ இருந்தால் அதே 3 வோல்ட், ஒரு ஏஏ இருந்தால் அதே 1.5 வோல்ட். பழைய போன் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். முழுதாக ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும், இவ்வகை ரேடியோ சிப்கள் பெரும்பாலும் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. புது பேட்டரி சில நாளில் தீர்ந்தால் ஏதோ ஒரு பொத்தான் அழுத்தியபடியே மாட்டியிருக்கிறது என்று பொருள். பொத்தான்கள் வெளியே வரும் மூடித் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

வெகுநேரம் கழித்து அழுத்தும் முதல் அழுத்தம் தாமதமாவதோ விழாமல் போவதோ கோளாறு அல்ல. சிப் தூக்கத்திலிருந்து எழுகிறது. அறையின் மறுகோடியில் எடுக்கவே இல்லை என்றால் டாங்கிளைப் பாருங்கள். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்தும், அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் கிளம்பும் இரைச்சல், டாங்கிள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒலி கூடுகிறது, குறைகிறது, ஆனால் பாட்டு மட்டும் நிற்கவில்லையா? ரிமோட் நன்றாகவே இருக்கிறது. கட்டளை வேறு செயலிக்குப் போகிறது. குரோம் 2019-இல் வந்த 73-ஆம் பதிப்பிலிருந்து மீடியா பொத்தான்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஏதோ ஒரு டேபில் நிறுத்திவைத்த வீடியோ இருந்தால் உங்கள் பிளே அங்கே போய்விடும். அந்த டேபை மூடிவிட்டு அழுத்திப் பாருங்கள்.